பனைக்கு வயசு என்ன?

எங்கள் வகுப்பில் யாரிடமாவது போய் "ஏன் தாவரவியல் எடுத்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "சின்ன வயசிலிருந்தே இயற்கை மேல ஒரு ஈடுபாடு" என்று ஆரம்பிப்பார்கள். நம்பாதீர்கள். வேறு எதுவும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். நானும் அதே கோஷ்டிதான். 2021-ல் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை எழுதாமலே பாஸ் ஆன புண்ணியவான்களில் ஒருவன். கொரோனா என்று தேர்வை ரத்து செய்துவிட்டு, பழைய மார்க்கையெல்லாம் கூட்டிக் கழித்து ஒரு மார்க் கொடுத்தார்கள். அந்த மார்க்குக்குக் கிடைத்தது இது.

ஆனால் கிடைத்ததை விட்டுவிட்டு ஓடாமல் இருந்ததற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எம்.எஸ்ஸி. கடைசி வருடம். ஆளுக்கொரு திசையில் போவதற்குள் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. ஒரு பனைமரத்தின் வயசைக் கண்டுபிடிக்கப் போய் நான் தோற்ற கதை அது.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடி பக்கம், தேரிக்காட்டு ஓரம். தேரி தெரியாதவர்களுக்கு: ரத்தச் சிவப்பில் மணல் மேடு மேடாகக் கிடக்கும். இரும்புச் சத்து துருப்பிடித்த நிறம் அது. மே மாதம் மத்தியானம் செருப்பு இல்லாமல் நடந்தால் கால் பொத்துப் போகும். மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் உள்ளே போய்விடும், பெய்த அடையாளமே இருக்காது. அங்கே தானாக வளர்ந்து நிற்பது கொல்லாமரம், உடைமரம், அப்புறம் பனை.

தாத்தா பனையேறி. நாற்பது வருடத்துக்கு மேல் ஏறியவர். மார்பில் காய்ப்புத் தடம் இன்னும் இருக்கிறது. முழங்கால் போனபிறகு ஏறுவதை விட்டார். அப்பா ஏறவே இல்லை, லோடு ஆட்டோ ஓட்டினார். எங்களுக்கு இருந்தது ஒண்ணேகால் ஏக்கர் மேட்டுக்காடு, அதில் 15 பனை.

2021 ஜூலையில் அதில் 14 பனையை விற்றோம். ஊரடங்கில் ஆட்டோவுக்கு ஓட்டம் இல்லை. எனக்குக் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டும். செங்கல் சூளைக்கு விறகு பிடிக்கிற ஒரு தரகர் வந்தார். மரம் ஒன்றுக்கு 400 ரூபாய். மொத்தம் 5,600. எனக்கு முதல் வருடம் கட்ட வேண்டிய பணத்துக்கு ஏறக்குறைய அது சரியாக இருந்தது. ரம்பம் வைத்து ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். பனை விழும்போது வேம்பு மாதிரி முறிந்து கதறாது. ஒரு சர்ர்... அப்புறம் ஒரே ஒரு 'தொம்'. பதினாலு தடவை.

வரப்பில் நின்ற ஒன்றை மட்டும் தாத்தா விடவில்லை. போய் அதன் அடியில் உட்கார்ந்துகொண்டார். தரகர் சிரித்துக்கொண்டே "அது கெடக்கட்டும் பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று ராத்திரி வீட்டில் சண்டை. அப்பா சொன்னார், "எல்லாம் கெழட்டு மரம். இன்னும் பத்து வருசத்துல தானா பட்டுப்போகும்." தாத்தா சொன்னார், "கெழடா? என் வயசுதாம்ல அதுக்கு. அப்ப என்னையும் சூளைக்கு அனுப்பு." அதோடு பேச்சு நின்றது. ரெண்டு பேரும் ரெண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

நான் அப்போது புதிதாக தாவரவியல் சீட் வாங்கியிருந்த விஞ்ஞானி அல்லவா? (ஹி ஹி.) மறுநாள் காலையில் ஒரு ஸ்கேலும் சாக்பீசும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். வெட்டிய அடிக்கட்டையில் வளையத்தை எண்ணினால் வயசு தெரிந்துவிடும், யார் சொன்னது சரி என்று தீர்ப்பு சொல்லிவிடலாம் என்று திட்டம். மரத்துக்கு வருடத்துக்கு ஒரு வளையம் என்று ஏழாம் வகுப்பிலேயே படித்ததுதானே.

வளையம் இல்லை.

முதல் கட்டையில் இல்லை. ரம்பம் சரியாக அறுக்கவில்லை போல என்று அடுத்ததற்குப் போனேன். அதிலும் இல்லை. பதினாலு கட்டையையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் புள்ளிகள்தான். கறுப்புப் புள்ளிகள். ஓரத்தில் நெருக்கமாக, நடுவில் போகப்போகக் கலைந்து. புள்ளிக்கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு இழை இழுக்க மறந்துபோன மாதிரி. எண்ணுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சாக்பீசைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

சரியாக ஒரு மாதம் கழித்து, 2021 ஆகஸ்ட் 14-ம் தேதி, தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையைச் சட்டசபையில் வாசித்தார்கள். இனிமேல் பனையை வெட்ட வேண்டுமானால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அதில் இருந்தது. வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்பா எழுந்து போய் ஆட்டோவைத் துடைக்க ஆரம்பித்தார்.

கல்லூரிக்கு வந்த பிறகு முதல் வருட ஆய்வகத்தில் சோளத் தண்டைக் குறுக்காக வெட்டச் சொன்னார்கள். பிளேடால் மெல்லிசாகச் சீவி, சிவப்புச் சாயத்தில் முக்கி, கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். எனக்கு முதல் பத்துச் சீவலும் பஜ்ஜிக்கு வெட்டிய வாழைக்காய் தடிமனில் வந்தது. பதினோராவது சரியாக வந்தது. பார்த்தால் அதே புள்ளிகள்! ஒவ்வொரு புள்ளியும் குட்டிக் குரங்கு முகம் மாதிரி, ரெண்டு பெரிய கண், கீழே ஒரு வாய். பக்கத்தில் இருந்தவன் படம் வரைந்துகொண்டிருந்தான். நான் லென்சில் கண்ணை வைத்தபடி அப்படியே நின்றேன். எங்கள் காட்டுக் கட்டையில் நான் பார்த்தது இதைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

அந்தக் குரங்கு முகத்துக்குப் பெயர் வாஸ்குலார் கற்றை. கண்ணாகத் தெரிவது சைலம், வேரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோகும் குழாய். நெற்றிப் பக்கம் இருப்பது புளோயம், இலையில் செய்த சர்க்கரையைக் கீழே கொண்டுபோகும் குழாய். சுற்றிலும் நார்க் கவசம். தரையில் நிமிர்ந்து நிற்கிற எந்தப் பெரிய செடிக்கும் இந்த ரெண்டு குழாயும் வேண்டும். ஏறக்குறைய 47 கோடி வருடத்துக்கு முன் தண்ணீரை விட்டுத் தரைக்கு வந்த முதல் செடிகளிடம் இது இல்லை, பாசி மாதிரி ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. உடம்பைக் காயவிடாமல் மெழுகுத் தோல், மூச்சு விட இலைத்துளை, குழாய் நசுங்காமல் இருக்க லிக்னின் என்கிற கெட்டிப் பொருள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தபிறகுதான் நிமிர முடிந்தது. இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருப்பதுதான், வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

எனக்கு வேண்டிய பதில் அடுத்த பக்கத்தில் இருந்தது. வேம்பு, தேக்கு, மா மாதிரியான இருவித்திலை மரங்களில் இந்தக் கற்றைகள் வட்டமாக நிற்கும். சைலத்துக்கும் புளோயத்துக்கும் நடுவில் கேம்பியம் என்று ஒரு மெல்லிய அடுக்கு. அது வாழ்நாள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருக்கும். உள்பக்கம் புது மரக்கட்டை, வெளிப்பக்கம் புதுப் பட்டை. மழைக்காலத்தில் வேகமாக, வறட்சியில் மெதுவாக வளர்வதால் தேக்கு போன்ற மரங்களில் வளையம் தெளிவாகத் தெரியும். பனை ஒருவித்திலை. அதற்குக் கேம்பியம் கிடையாது. கேம்பியம் இல்லையென்றால் வருடா வருடம் புது அடுக்கு கிடையாது. அடுக்கு இல்லையென்றால் வளையம் கிடையாது. நான் பதினாலு கட்டையில் தேடியது, பனைக்கு என்றுமே இருந்ததில்லை.

நெல்லும் சோளமும் மூங்கிலும் பனையும் ஒருவித்திலைதான். அந்த வகையில் எங்கள் தாத்தா நாற்பது வருடம் ஏறியது ஒரு மகா பெரிய புல் மேல் என்று நண்பர்களிடம் கிண்டலாகச் சொல்வேன். பிறகு ஒருநாள் தமிழ் வகுப்பில் ஆசிரியர் தொல்காப்பிய மரபியலைச் சொல்லும்போது வாயடைத்துப் போனேன். வெளிப்பக்கம் வைரம் உள்ளதைப் புல் என்றும், உள்பக்கம் வைரம் உள்ளதை மரம் என்றும் அதில் பிரித்து வைத்திருக்கிறார்கள். காழ் என்றால் வைரம். புறக்காழ், அகக்காழ். ரம்பமும் மைக்ராஸ்கோப்பும் இல்லாத காலத்தில் கட்டையின் உள்ளே பார்த்து வகைப்படுத்தியிருக்கிறார்கள். பனை, தெங்கு, மூங்கில் எல்லாம் இந்தக் கணக்கில் புல் பக்கம் போய்விடும்.

தாத்தாவுக்கு இது புதுச் செய்தியே இல்லை. "தேக்குல நடு வைரம், பனையில ஓரம் வைரம். பனங்கை அறுக்குறவன் நடுச் சோத்தியை வழிச்சுப் போட்டுட்டு ஓரத்தைத்தான எடுப்பான். இதப் படிக்கவால காலேஜுக்குப் போன?" என்றார். 5,600 ரூபாய் கொடுத்து, ஆமாம் தாத்தா.

கேம்பியம் இல்லாத செடிக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. வேம்பு முதலில் விரல் தடிமனில் உயர்ந்துவிட்டு, பிறகு நிதானமாகப் பெருக்கலாம். பனைக்கு அந்த வசதி இல்லை. ஒருமுறை உயர ஆரம்பித்துவிட்டால் அப்புறம் புது அடுக்கு சேர்த்துப் பருக்க முடியாது. செல்கள் கொஞ்சம் உப்பும், நார்கள் தடித்து இறுகும், அவ்வளவுதான். அதனால் பனை தலைகீழாகச் செய்கிறது. முதலில் பருமன், பிறகு உயரம். மண்ணுக்குள்ளேயே வருடக் கணக்கில் உட்கார்ந்து தன் அடியை முழு அகலத்துக்கு விரித்துக்கொள்கிறது. வெளியே பார்த்தால் தரையிலிருந்து ஓலை மட்டும் விசிறி மாதிரி நிற்கும், தண்டே இருக்காது. அதைத்தான் வடலி என்கிறோம். வெளியூர்க்காரர்கள் அதைப் பனைச் செடி என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள். உள்ளே ஒரு தூணுக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருக்கிறது என்பது தெரியாது.

அந்த அஸ்திவாரம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதை நாம் எல்லோரும் தின்றிருக்கிறோம். பனங்கிழங்கு! பொங்கலுக்குக் கட்டுக் கட்டாக வருமே, அதுதான். பெயர்தான் கிழங்கு. மரவள்ளி மாதிரி அது வேரில் விளைந்தது இல்லை. மாவுச் சத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பனங்கன்று அது.

விதை முளைக்கும்போது கன்று நேராக மேலே வராது. விதையிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து மண்ணுக்குள் கீழ்நோக்கி இறங்கும். குருத்து அந்தக் குழாயின் நுனியில் இருக்கும். கிணற்றில் வாளி இறக்குகிற மாதிரி, தன் குழந்தையை ஆழத்தில் கொண்டுபோய் வைக்கிறது விதை. வித்திலையின் மறுமுனை கொட்டைக்குள்ளேயே தங்கிவிடும். அது பஞ்சு மாதிரி பெருத்து, கொட்டைக்குள் கல்லாக இறுகிய கருவூணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உறிஞ்சிக் கீழே அனுப்பும். சின்ன வயசில் முளைத்த கொட்டையை அரிவாளால் ரெண்டாகப் பிளந்து உள்ளே இருக்கும் தவுணைத் தின்போமே, அந்தப் பஞ்சுதான் இது. இந்தக் கருவூணும் வேறு யாரோ அல்ல, நம் நுங்குதான். முற்றாமல் இளசாக வெட்டினால் நுங்கு. முற்றி இறுகிவிட்டால் அரிவாளே வழுக்கும்.

ஏன் இந்த ஆழம்? தேரியில் நின்று பார்த்தால் பதில் தெரியும். மேல் மணல் கொதிக்கும். ஆடு மேயும். வெயில் காலத்தில் புல்லில் தீ பிடிக்கும். வளர்கிற நுனி மேலே இருந்தால் முதல் கோடையிலேயே கதை முடிந்தது. ஒரு முழம் கீழே ஈரமும் குளிர்ச்சியும் இருக்கிறது. மேலே இலை கருகினாலும் கீழே குருத்து உயிரோடு இருக்கும். அவித்த கிழங்கை ரெண்டாகப் பிளந்தால் நடுவில் ஒரு குச்சி வருமே, பிடுங்கித் தூர எறிவோமே, அதுதான் அந்தக் குருத்து. ஒரு நூறு வருட மரத்தின் முதல் இலைகள் மடித்து வைக்கப்பட்ட இடம். இதைப் படித்ததிலிருந்து கிழங்கு தின்னும்போது ஒரு நிமிடம் கை நிற்கிறது. (அப்புறம் தின்றுவிடுவேன், அது வேறு விஷயம்.)

வளர்ந்த பனைக்கும் குருத்து ஒன்றே ஒன்றுதான். வேம்பின் கிளையை வெட்டினால் பக்கத்தில் பத்து மொட்டு முளைக்கும். பனையின் உச்சிக் குருத்து போனால் மரம் போயிற்று, மாற்று ஏற்பாடு கிடையாது. அதனால்தான் அந்தக் குருத்தைச் சுற்றிக் கோட்டை. கடினமான மட்டைகள், மட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல் மாதிரி கருக்கு, நார், பன்னாடை. தாத்தாவின் கையில் கருக்கு கிழித்த கோடுகள் எத்தனையோ உண்டு. வேர்ப் பக்கம் இதற்கு நேர்மாறு. ஆணிவேர் என்று ஒன்றை நம்பியிருக்காது. கயிறு தடிமனில் நூற்றுக்கணக்கான வேர்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமனில், நாலா பக்கமும் கீழேயும் போகும். தண்டு முழுக்க நார்க் கற்றைகள் என்பதால் காற்றுக்கு வளைந்து கொடுத்து நிமிரும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் லட்சக்கணக்கில் தென்னைகளைச் சாய்த்தபோது, பக்கத்தில் நின்ற பனைகள் பெரும்பாலும் அசையாமல் நின்றதை எல்லோரும் பார்த்தோம்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகும் என் பழைய கேள்விக்கு விடை வரவில்லை. வயசு என்ன?

ஒரு வழி இருந்தது. பனையில் ஓலை விழுந்த இடத்தில் தழும்பு இருக்கும். மாதத்துக்கு ஒரு ஓலை என்பது தாத்தாவின் கணக்கு. மிச்சமிருந்த வரப்புப் பனையின் தழும்பையெல்லாம் எண்ணிப் பன்னிரண்டால் வகுத்தால் போதுமே! போன வருடம் லீவில் கேமராவை ஜூம் பண்ணிக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். மேல் பாதி தெளிவாக இருந்தது. கீழே வரவர வெயிலும் மழையும் தாத்தாவின் மார்பும் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று இருந்தது. கணக்கு பாதியில் நின்றுவிட்டது. மண்ணுக்குள் கழிந்த வருடங்களுக்குத் தழும்பும் கிடையாது. மறுபடியும் தோல்வி.

அந்த லீவில்தான் நூலகத்தில் இருந்து எடுத்து வைத்திருந்த ஒரு கட்டுரையைப் படித்தேன். பனை வகைகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த பி.பி.டாம்லின்சன் என்ற தாவரவியலாளரும் ஹக்கெட் என்பவரும் 2012-ல் எழுதியது. அதில் இருந்த விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை.

வேம்பிலோ தேக்கிலோ உள்ளே இருக்கும் கட்டையில் பெரும்பகுதி இறந்துபோனது. வைரம் என்பது உயிரில்லாத பகுதி. உயிரெல்லாம் வெளியே, பட்டைக்கு அடியில். சர்க்கரை போகும் புளோயம் பழசானால் கேம்பியம் புதுசு செய்து கொடுத்துவிடும். பனைக்குப் புதுசு செய்து கொடுக்க ஆள் இல்லை. அடித்தண்டில் என்றைக்கு ஒரு புளோயம் குழாய் உருவானதோ, மரம் சாகும்வரை அதேதான் வேலை செய்தாக வேண்டும். உச்சி ஓலையில் செய்த சர்க்கரை அடிவேருக்குப் போக அதை விட்டால் வேறு வழியே இல்லை. இதில் இன்னொரு அதிசயம், அந்தச் சல்லடைக் குழாய்ச் செல்லுக்கு உட்கரு கூடக் கிடையாது. பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் துணைச்செல்தான் அதைக் கவனித்துக்கொள்கிறது. அப்படியே பல பத்து வருடம், நூறு வருடம் கூட, ஓய்வே இல்லாமல் ஓடுகிறது.

அதாவது 2021 ஜூலையில் ரம்பம் வெட்டிய அந்த இடத்தில், மரம் உயர ஆரம்பித்த நாளில் உருவான செல்கள் உயிரோடு இருந்திருக்கின்றன. நான் அங்கே கடந்த காலத்தின் வளையங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பனை கடந்த காலத்தை வளையமாகச் சேர்த்து வைப்பதில்லை. பழைய செல்லையே இன்றைக்கும் வேலை வாங்குகிறது. அந்தக் கறுப்புப் புள்ளி ஒவ்வொன்றிலும் முந்தின நாள் வரை சர்க்கரை ஓடியிருக்கும்.

இதைத் தாத்தாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாயங்காலம் வரப்புப் பனையடியில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். அடிமரத்தில் இருக்கிற உயிர் அன்றைக்கு உண்டான அதே உயிர்தான் தாத்தா, மாறவே மாறாது என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து, மரத்தின் மறுபக்கம் கூட்டிப்போனார்.

"இதப் பாத்தியால?"

என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, மரத்தில் ஒரு வெட்டு. நாலு விரல் அகலம், ஒரு விரல் ஆழம். ஓரம் கறுத்து வழவழப்பாக இருந்தது.

"பத்து வயசுல நான் வெட்டுனது. பெரியவன் மாதிரி ஏறணும்னு ஆசை. கால் வைக்கப் படி வெட்டலாம்னு எங்கய்யாவோட அரிவாளை எடுத்துட்டு வந்தேன். ஒரு வெட்டு வெட்டுறதுக்குள்ள பிடிச்சிட்டார். கருக்குமட்டையால அடி. என்ன சொல்லி அடிச்சார் தெரியுமா? 'வேம்புக்குக் காயம் ஆறும், பனைக்கு ஆறாதுல' அப்படின்னார்."

எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேம்பு இருக்கிறது. துணி காயப்போட அப்பா சின்ன வயசில் அடித்த கொக்கி இப்போது கண்ணுக்கே தெரியாது, கம்பி மட்டும் மரத்துக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். மரம் விழுங்கிவிட்டது. கேம்பியம் செய்த வேலை. பனையில் மூடுவதற்கு ஆள் இல்லை. வெட்டு வெட்டிய அளவிலேயே நிற்கிறது. மரம் வளர்ந்தாலும் வெட்டு மேலே ஏறவும் இல்லை, வளர்ச்சி உச்சியில் மட்டும்தானே. பத்து வயசுப் பையன் அரிவாளை ஓங்கினால் எந்த உயரத்தில் விழுமோ அதே உயரம். பள்ளிக்கூடம் போகாத என் பூட்டனார் ஒற்றை வரியில் சொன்னதைத்தான் நான் ஐந்து வருடம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் எனக்குச் சட்டென்று உறைத்தது. தாத்தாவுக்கு இப்போது 76. அவருக்குப் பத்து வயசில், அதாவது 66 வருடத்துக்கு முன், இந்த மரம் கால் வைத்து ஏறுகிற உயரத்துக்கு வளர்ந்து நின்றிருக்கிறது. அதற்கு முன் வடலியாக மண்ணுக்குள் கழிந்த வருடங்கள், பிறகு உயர்ந்த வருடங்கள். எப்படிப் பார்த்தாலும் 80-க்குக் குறையாது. தாத்தா நினைத்த மாதிரி அவர் வயசு இல்லை. அவருக்கு அண்ணன். சொன்னேன். தாத்தா மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்ப இத்தன நாளா மரியாதை இல்லாம வாடா போடான்னு பேசிட்டேனேல" என்றார். ரெண்டு பேரும் சிரித்தோம். அவர் கண் கலங்கியிருந்தது, நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த 5,600 ரூபாய்க்கு வேறு வழி இருந்ததா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் கேட்டால் "இயற்கை மேல ஈடுபாடு" என்று சொல்ல எனக்கு வாய் வராததற்குக் காரணம் இதுதான். நான் படித்த படிப்புக்கு என் அப்பா கட்டிய முதல் பணம் 14 பனை.

2024 அக்டோபரில், மழைக்கு முன், காட்டில் 40 பனங்கொட்டை ஊன்றினேன். அந்தப் பழைய கட்டைகளுக்கு நடுவிலேயே. அப்பா ஆட்டோவில் கொட்டை கொண்டுவந்து போட்டார், குழி தோண்டும்போதும் கூடவே நின்றார், ஒன்றும் பேசவில்லை. மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் போச்சு என்று நான் நினைத்தபோது தாத்தா சிரித்தார். "கீழ போய்ட்டிருக்கும்ல, பொறு." இப்போது 23 இடத்தில் இலை வந்திருக்கிறது. விசிறி ஓலை எல்லாம் இல்லை, ஈட்டி மாதிரி ஒற்றை இலை. அதில் எது ஆண் பனை, எது பெண் பனை என்று பூக்கும்வரை யாராலும் சொல்ல முடியாது. பூக்கும்போது எனக்கு முப்பத்தைந்துக்கு மேல் ஆகியிருக்கும்.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு, தகரத்தில் வருடத்தை எழுதிக் கட்டியிருக்கிறேன். பின்னால் யாராவது இதன் வயசைத் தேடிக்கொண்டு சாக்பீசோடு வந்தால் திண்டாடக் கூடாது பாருங்கள்.